வாழைமரம் கட்டிய கயிறு

புக்கிட் மேரா
5 ஜனவரி 2025

அன்புள்ள கண்மணிக்கு,

போதிய காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். தீபாவளி முடியட்டும் என்றார் உன் கணவர், முடிந்தது. வருடம் முடியட்டும் என்றார், அதுவும் முடிந்தது. அடுத்து எது முடிவதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ, முத்தையா மாப்பிள்ளை, உன் பிள்ளை ரித்திக் மூவரும் நலம்தானே. உன் அண்ணியும் என் மகள் அனுப்ரியாவும் நலம். என்னைப் பற்றியும் வழக்கப்படி ஒரு வரி எழுதலாம், எழுதினால் பொய்யாகும். இடது முழங்கால் இன்னும் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், பக்கத்திலிருந்து மாப்பிள்ளை இருமுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது குடும்பக் குழுவுக்குப் போய், எல்லோரும் கைகூப்பும் பொம்மை போடுகிறார்கள். கடிதத்தை அப்படித் தட்டிவிட முடியாது. உங்கள் செங்காங் வீட்டுத் தபால் பெட்டிச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று நடந்ததை நீ நேரில் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இப்போது வேறு கதை புழங்குவதாகக் கேள்வி.

ஆயுத பூஜை. பூஜைச் சாமான் கடையின் சரக்கு வைக்கும் காக்கி புக்கிட் ஸ்டோரில் புதிய ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சாமான் அடுக்கும் ராக்குகளின் தூண்களில் வாழைமரங்கள். தீபாராதனை முடியும் நேரத்தில் வெளியே கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து அகல் விளக்குகள். உன் கணவர் கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்து, "மச்சான், அப்படியே கண்டெய்னருக்கும் காட்டிட்டு ஷட்டரத் திறந்து விடுங்க. டிரைவர் கத்துறான்" என்றார். ஸ்டோர் என் பொறுப்பு, போனேன். இரண்டு ராக்குகளுக்கு நடுவே, ஆள் நடக்கும் வழியில், கணுக்கால் உயரத்தில் ஒரு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தது. தட்டை விட்டிருந்தால் கையை ஊன்றியிருப்பேன். எரிகிற கற்பூரத்தை யார் கீழே விடுவார்? முழங்கால் சிப்பி சிமெண்ட் தரையில் போய் உடைந்தது. எல்லோரும் முதலில் தட்டைத்தான் பார்த்தார்கள். "விளக்கு அணையல" என்று யாரோ நிம்மதியாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று கடை வேனில் ஏற்றினார்கள். நம் டிரைவர் ஜலாலுதீன் ஓட்டினார். வழியில் உன் கணவர், "பாத்ரூம்ல விழுந்தேன்னு சொல்லிடுங்க லா மச்சான். இப்ப மனிதவள அமைச்சுல இருந்து ஆள் வந்தா ஸ்டோரை மூடிடுவான், தீபாவளி யாவாரம் போச்சு" என்றார்.

"எந்த பாத்ரூம்?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டு பாத்ரூம்தான், வேற யார் வீட்டு பாத்ரூம்?"

வலியில் நானும் அப்படியே சொன்னேன். மருத்துவமனையில் ஒரு தாதி என் சட்டைக் காலரிலிருந்து பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, "அங்கிள் பாத்ரூம்லயா ஸ்நாக்ஸ் சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் வேலையில் விழுந்தேன் என்று அவர் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால் நஷ்டஈட்டுக்கு நானே மனுச் செய்யலாம். ஆனால் விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் செய்தாக வேண்டும். இது அவருக்கும் தெரியும். அதனால்தான் ஒவ்வொன்றாக முடியட்டும் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நடக்கும்போது கீழேயும் பார்.

அண்ணன்,
பாலகிருஷ்ணன்


செங்காங்
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண்மணி எழுதிக்கறது. நாங்க எல்லாரும் சௌக்கியம். உங்க கால் வலி எப்படி இருக்கு? அண்ணிக்கு பிரஷர் குறைஞ்சிருக்கா? கடிதம் எழுதியே எத்தனை வருஷம் ஆச்சு. கை எழுத்து கோணலா வருது, மன்னிச்சிடுங்க.

உங்க கடிதத்தை சமையல் ரூம்ல நின்னுக்கிட்டே படிச்சேன். அவர்கிட்ட நேரம் பார்த்துப் பேசறேன். சீனப் பெருநாள் வருதுன்னு டெலிவரி எல்லாம் தலைகீழா இருக்கு, மனுஷன் வீட்டுக்கு வர்றதே லேட்டு.

வாழைமரம் சாய்ஞ்சா என்ன பண்ண முடியும் அண்ணா? குலை அவ்ளோ பெரிசு. எல்லாம் நேரம். கோயில்ல உங்க பேர்ல அர்ச்சனை பண்ணினேன். நடந்ததைச் சொன்னதும் ஐயர் என்ன சொன்னார் தெரியுமா? "கம்பெனி மேல வரவேண்டிய திருஷ்டி உங்க அண்ணா காலோட போச்சு. விளக்கு அணையாம இருந்ததே, அதுதான் அறிகுறி"ன்னார். உங்க மாப்பிள்ளையும் அதையேதான் சொல்றார். இந்தத் தீபாவளி மாதிரி யாவாரம் எப்பவுமே ஆனதில்லையாம். "மச்சானாலதான்"னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிறார்.

உடம்பு தேற அனுப்ரியாகிட்ட சிக்கன் எசென்ஸ் ஒரு பெட்டியும் மைலோவும் கொடுத்து அனுப்பினேன், கிடைச்சுதா? எசென்ஸை சூடா குடிங்க.

அன்புத் தங்கை,
கண்மணி


புக்கிட் மேரா
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கண்மணிக்கு,

எல்லோரும் நலம் என்று அறிந்தேன். எசென்ஸ் வந்தது. சூடாகவே குடித்தேன். எலும்பு அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆக, நான் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். பொருளாதாரம் படித்து, கப்பல் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து, ஆள்குறைப்பில் வெளியே வந்து, தங்கை வீட்டுக்காரரின் ஸ்டோரில் சாம்பிராணிப் பெட்டி எண்ணி, கடைசியில் இந்தப் பதவி உயர்வு. பூசணிக்காயை உடைத்தவர்களாவது பிறகு அதைக் கூட்டி ஓரமாகத் தள்ளுவார்கள்.

மாப்பிள்ளை பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் வியப்பில்லை. என்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்ன முதல் சொல் அது. போன வருடம் வங்கிக்காரர் வந்தபோது என்னை எப்படி அறிமுகப்படுத்தினார் என்று நினைவிருக்கிறதா? "இவர் நம்ம ஸ்டோர் ஆளு." நீ பக்கத்தில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். தேக்காவில் அந்தக் கடையை வைத்தது நம் அப்பா. "நீ படிச்சவன், உனக்கெதுக்கு எண்ணெயும் திரியும்" என்று சொல்லி மருமகனிடம் கொடுத்தார். படிப்பு என்னைக் காப்பாற்றும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

அது போகட்டும். நான் விழுந்தது மரம் சாய்ந்ததால் அல்ல. சாய்ந்த மரத்தை நிமிர்த்துவதற்காக நடைவழியின் குறுக்கே கட்டிய கயிற்றால். உன் கடிதத்தில் மரம் இருக்கிறது, குலை இருக்கிறது, ஐயர் இருக்கிறார், திருஷ்டிகூட இருக்கிறது. கயிறு மட்டும் இல்லை.

அவரிடம் பேசு. ரித்திக்கைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
பாலகிருஷ்ணன்


செங்காங்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமா? இவ்ளோ நாளா பதில் போடலைன்னு கோபமா இருப்பீங்க. எழுத உட்கார்ந்தா யாராவது வந்துடறாங்க.

அவர்கிட்ட பேசினேன். சாப்பிட்டு முடிச்சு நல்ல மூட்ல இருக்கும்போதுதான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். "ஆயுத பூஜை அன்னிக்கு வேலையே கிடையாதே கண்மணி. கருவி எதையும் தொடக்கூடாதுன்னு நாமதானே வச்சிருக்கோம்? சாமி கும்பிட வந்த இடத்துல விழுந்தா அது எப்படி வேலைல விழுந்ததாகும்? கோயில்ல விழுந்தா கோயில் மேல கேஸ் போடுவாங்களா?" கேட்டா சரி மாதிரிதான் இருக்கு.

அப்புறம் நல்ல சேதி. அனுப்ரியா டிகிரி முடிச்சும் சரியான வேலை அமையலைன்னு அண்ணி வருத்தப்பட்டாங்க இல்லையா, அவளை உங்க சீட்டுல உட்கார வைக்கலாம்னு அவரே சொன்னார். உங்களுக்குக் கால் சரியாகற வரைக்கும்தான். வெளி ஆளைப் போட வேணாம், நம்ம பிள்ளைன்னார். அவ சரின்னுட்டா. உங்ககிட்ட அவளே சொல்லுவா.

கோபப்படாதீங்க. கால்ல எண்ணெய் தடவும்போது மேலிருந்து கீழே தடவுங்க.

கண்மணி


புக்கிட் மேரா
30 மார்ச் 2025

அன்புள்ள கண்மணிக்கு,

நலம். அண்ணியும் நலம். மேலிருந்து கீழேதான் தடவுகிறேன்.

உன் கணவரின் வாதத்தை இரண்டு முறை படித்தேன். அவரைக் குறைவாக எடைபோட்டுவிட்டேன். அன்று வேலை கிடையாது என்றால் கண்டெய்னர் ஏன் வந்தது? ஷட்டரைத் திறக்கச் சொன்னது யார்? என்னை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஃபோர்க்லிஃப்டைத் தொடக்கூடாது என்பதற்காகப் பெட்டிகளைக் கையாலேயே இறக்கினார்களாமே. அப்படியானால் அந்த ஸ்டோரில் அன்று ஓய்வெடுத்தது இயந்திரம் மட்டும். சந்தனப் பொட்டு வைத்த இரும்புக்கு இருந்த விடுமுறை பொட்டு வைத்த மனிதனுக்கு இல்லை.

அனுப்ரியா விஷயம். அவள் என்னிடம் சொன்னபோது வேலைக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. "அப்பா, நீங்க எப்படியும் நோன்னுதான் சொல்லுவீங்க. அதான் ஜாயின் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றாள். அவளை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டும். உன் கணவரின் திட்டத்தைத்தான் மெச்சுகிறேன். நான் அமைச்சுக்குப் போனால் அடுத்த நாள் என் மகள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று அவர் என்னைக் கேட்கவே வேண்டாம். நானே என்னைக் கேட்டுக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும்.

இது நல்ல சேதி என்று நீ உண்மையாகவே நினைத்தாயா?

அண்ணன்,
பாலகிருஷ்ணன்


செங்காங்
25 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ரித்திக்குக்கு நிச்சயம் ஆயிடுச்சு. பொண்ணு பேர் திவ்யதர்ஷினி, பல் டாக்டருக்குப் படிக்குது, ரொம்ப அமைதி. நிச்சயத்துக்கு உங்களால படி இறங்கி வர முடியாதுன்னு எல்லாருக்கும் வருத்தம். உங்க தட்டுல எல்லாம் வச்சு அனுப்பி இருக்கேன். மைசூர்பாகு நெய்ல செஞ்சது.

அனு நல்லா வேலை கத்துக்கிட்டா. அவர் பாராட்டுறார்.

கண்மணி


புக்கிட் மேரா
13 ஜூலை 2025

அன்புள்ள கண்மணிக்கு,

ரித்திக்குக்கு என் ஆசிகள். மைசூர்பாகு நன்றாக இருந்தது. என் கேள்வி எதற்கும் பதில் இல்லாததால் உன் கடிதத்தைவிட அதுதான் இனித்தது.

என் நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடி ப்ளாக்கில் லிஃப்ட் எங்கள் தளத்தில் நிற்காது என்பது உனக்குத் தெரியும். நடுப்படியில் நிற்கும், அங்கிருந்து அரைமாடி படி. வளையாத காலுக்கு அந்த அரைமாடி ஒரு மலை. சிகிச்சை நாளில் உன் அண்ணியும் அனுப்ரியாவும் இருபுறமும் பிடித்து இறக்குகிறார்கள். மற்ற நாட்களில் வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நடைபாதையில் போகிறவர்கள் எல்லோரும் நின்று விசாரிக்கிறார்கள். "பாத்ரூம்ல விழுந்துட்டீங்களாமே அங்கிள், மேட் போடலையா?" எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி எனக்கு வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கி, விழாத குளியலறையில் விரித்திருக்கிறேன். ஒவ்வொரு காலையும் அந்தப் பொய்யின் மேல் நின்றுதான் பல் துலக்குகிறேன்.

போன வாரம் ஜலாலுதீன் வந்தார். அவர் மனைவி கதீஜா கொடுத்ததாக ஒரு டப்பா நெய்ச்சோறு. கை நிறையப் போடுவார், உனக்குத் தெரியுமே. மனுச் செய்தால் எனக்காகச் சாட்சி சொல்வாரா என்று கேட்டேன்.

"சொல்லுவேன் அண்ணே. எனக்கென்ன, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போறேன், வேன் சாவிய அவர் பிடுங்கினா நிம்மதியாத் தூங்குவேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா அவங்க ஒரு கேள்வியோட விட மாட்டாங்க. கயிறு எப்படி வந்துச்சு, யார் கட்டினதுன்னு கேட்பாங்க. நான் வாசல்ல இருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். எல்லாத்தையும் சொல்லட்டுமா?" என்றார்.

நெய்ச்சோறு ஆறிப்போகிறது என்றேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஓராண்டு முடிய அதிக நாள் இல்லை.

அண்ணன்,
பாலகிருஷ்ணன்


செங்காங்
31 ஆகஸ்டு 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியமா? இங்க எல்லாரும் இருக்கோம்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் ஒண்ணாம் தேதி வருது. அவர் இப்பவே ஆரம்பிச்சிட்டார். போன வருஷம் எப்படிப் பண்ணினோமோ அச்சு அசலா அப்படியே பண்ணணுமாம். அதே கடையில வாழைமரம், அதே தூண், அதே இடம். மாலைகூட அதே பூக்காரர்கிட்ட. "விளக்கு அணையாத இடம், அதை மாத்தக் கூடாது"ங்கிறார். கண்டெய்னரையும் அன்னிக்கே வர்ற மாதிரி சொல்லி வச்சிருக்கார். நேரம்கூட அதே நேரம்.

வாழைமரத்தை வேற பக்கம் வைக்கலாமேன்னு சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு? போன வருஷம் என்ன குறை வந்துச்சு?"ன்னு கேட்டார்.

தட்டை எடுத்துட்டுப் போக நீங்க வந்தா நல்லதுன்னார். வீல்சேர்ல வச்சாவது கூட்டிட்டு வான்னார். முடியாதுன்னு சொன்னேன். அப்ப அந்த வீட்டு ஆள்தான் எடுக்கணும்னு அனுப்ரியாகிட்ட சொல்லிட்டார். அவளும் சரின்னுட்டா. பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வர்றேன்னா.

அண்ணிக்கு என் அன்பு.

கண்மணி


புக்கிட் மேரா
7 செப்டம்பர் 2025

கண்மணிக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கப் போவதில்லை.

என் மகளைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் எரிகிற தட்டை ஏந்திக்கொண்டு, அதே வழியில், அதே ஹாரன் சத்தத்துக்கு அவசரமாக நடக்கச் சொல்கிறார்கள். என் முழங்கால் உடைந்தது உங்களுக்கு விபத்தாகத் தெரியவில்லை. சடங்கில் ஒரு பகுதியாகிவிட்டது. ஒரு தவறு நடந்தால் மறுமுறை அதைத் தவிர்ப்பார்கள் என்றுதான் இத்தனை காலம் படித்தேன். லாபம் வந்த தவறை மறுமுறையும் அப்படியே செய்வார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அனுப்ரியாவிடம் போகாதே என்றேன். "அப்பா, நான் பார்த்து நடப்பேன் லா. மாமா எல்லார் முன்னாடியும் கேட்டாரு, எப்படி மாட்டேன்னு சொல்றது? கயிறு இருந்தா தாண்டிடுவேன்" என்றாள். புடவை கட்டியவள் தட்டுக்குக் கீழே இருப்பதை எப்படிப் பார்ப்பாள்? நானும் பார்த்து நடக்கிறவன்தான். சரி, அவள் நாளைக்கே மாட்டேன் என்றால் தட்டு ஸ்டோர் ஆள் வேறு ஒருவர் கைக்குப் போகும். அவருக்கும் முழங்கால் இருக்கும்.

மாப்பிள்ளையிடம் நேராகச் சொல். நடைவழியில் கயிறு கட்டினால் ஆள் விழும் என்று சொல். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உனக்கு என்ன தடை? எட்டு மாதமாக நான் கேட்பது அதைத்தான்.

பாலகிருஷ்ணன்


செங்காங்
15 செப்டம்பர் 2025

அண்ணா,

நீங்க நலம் விசாரிக்கல. நான் விசாரிக்கறேன். கால் எப்படி இருக்கு?

என்ன தடைன்னு கேட்டீங்க. ராத்திரி எல்லாம் அதையே யோசிச்சேன். அன்னிக்கு நீங்க விழுந்ததும் அவர் ஸ்டோர் ஆளுங்களைப் பிடிச்சுத் திட்டினார், ஞாபகம் இருக்கா? "எவன்டா குறுக்க கட்டினது"ன்னு. யாரும் வாயைத் திறக்கல. நானும் பக்கத்துலதான் நின்னேன். கையில கத்தரிக்கோல் இருந்துச்சு. அதை முந்தானைல மறைச்சுக்கிட்டேன்.

கயிறு தப்புன்னு இப்ப போய் சொன்னா, யார் கயிறுன்னு சொல்லணும். அவருக்கு இன்னி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா அவர் திட்டுறதைப் பத்திக்கூட இல்ல அண்ணா. உங்க முகத்தைப் பார்க்கணும், அண்ணி முகத்தைப் பார்க்கணும். அமைச்சுல இருந்து வந்து கேட்டா ரித்திக் முன்னாடி, வரப்போற பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி சொல்லணும். குலை கனம் தாங்காம மரம் சாய்ஞ்சுது, ஃபோட்டோல நேரா நிக்கணும்னு இழுத்துக் கட்டினேன். அவ்ளோதான். ஒரு ஃபோட்டோக்காக.

இத்தனை கடிதத்துல நீங்க எல்லாத்தையும் கேட்டீங்க. கயிறு இருந்துச்சு இருந்துச்சுன்னு எழுதினீங்க. யார் கட்டினதுன்னு மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கல. ஏன் அண்ணா?

கண்மணி


புக்கிட் மேரா
21 செப்டம்பர் 2025

அன்புள்ள கண்மணிக்கு,

கால் அப்படியேதான் இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி. நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அனுப்ரியா சொன்னாள். சாப்பிடு.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டாய். நான் விழுந்து கிடந்தபோது என் கன்னம் தரையில் இருந்தது. கயிறு முடிந்த இடம் என் கண்ணுக்கு நேர் எதிரே. பூ முடிச்சு. இரண்டு காதும் சம அளவில், நடுவில் இறுக்கி. குப்பைப் பையைக்கூட நீ அப்படித்தான் கட்டுவாய்; சின்ன வயதில் என் பள்ளிக்கூடச் சப்பாத்தின் நாடாவை நீ இப்படிக் கட்டிவிடுவாய், பையன்கள் சிரிப்பார்கள். வலி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டிருந்தால் நீ பொய் சொல்லியிருப்பாய், அல்லது உண்மையைச் சொல்லியிருப்பாய். இரண்டையும் உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை. எனக்குப் பகை உன் கணவரோடு. அதை உன் முடிச்சோடு கலக்க எனக்கு மனமில்லை. இதைப் பெருந்தன்மை என்று நினைக்காதே. ஒருவரை வெறுப்பதற்கே என் பலம் சரியாக இருக்கிறது.

இரண்டு நாளாக மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் மனுவை எழுதினேன். பெயர், வேலை, விழுந்த நாள், இடம், எல்லாம் தடையில்லாமல் வந்தது. எப்படி நடந்தது என்ற இடத்தில் பேனா நின்றது. மனு என்றால் கையெழுத்து. கையெழுத்து என்றால் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஜலாலுதீனையும் கேட்பார்கள், அவர் பொய் சொல்ல மாட்டார், அவரைப் பொய் சொல்லச் சொல்லவும் மாட்டேன். பதினொரு மாதமாக உன் கணவர்தான் என்னை இந்த வீட்டுக்குள் அடைத்து வைத்திருப்பதாக எண்ணியிருந்தேன். வாசலில் கட்டியிருப்பது பூ முடிச்சு. அதை வெட்டாமல் என்னால் வெளியே வர முடியாது.

மனுவைக் கிழித்துவிட்டேன். ஓராண்டு முடியப்போகிறது, முடியட்டும். இனி நான் குளியலறையில் விழுந்தவன்தான். நடைபாதையில் யாராவது கேட்டால், ஆமாம், மேட் போடவில்லை என்று சொல்லப் பழகிக்கொள்வேன். உன் கணவர் கடைசியில் வென்றுவிட்டார் என்பதை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை. அதையும் அவரிடம் சொல்லாதே; அவர் சந்தோஷப்படக்கூடாது.

பிறகு வேறு ஒரு கடிதம் எழுதினேன். அதுவும் அமைச்சுக்குத்தான். அரைப்பக்கம். கடையின் பெயர், காக்கி புக்கிட் ஸ்டோரின் முகவரி. அக்டோபர் முதல் தேதி அங்கே பூஜை என்றும், அன்றே கண்டெய்னரும் இறங்கும் என்றும், ஆள் நடக்கும் வழியின் குறுக்கே அலங்காரத்துக்காகக் கயிறு கட்டும் வழக்கம் இருப்பதாகவும், கையில் நெருப்போடு ஆட்கள் அதில் நடப்பதாகவும், பூஜை தொடங்கும் முன்பே வந்து பார்க்க வேண்டும் என்றும். போன வருடம் ஒருவர் விழுந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யார் கட்டினார் என்பதும் இல்லை.

வருவார்களா, தெரியாது. பெயரில்லாத கடிதத்துக்கு என்ன மதிப்பு என்று உன் கணவர் கேட்பார். வந்தால், ஸ்டோரில் எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத்தான் சந்தேகப்படுவார். இவ்வளவு பிழையில்லாமல் எழுதுகிற பூசணிக்காய் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். அனுப்ரியாவின் நாற்காலி போகலாம். அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "வேற வேலைக்கு அப்ளை பண்ணிக்கிட்டுதான்பா இருக்கேன்" என்றாள். கடிதத்தைப் போட்டுவிட்டு வரட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நாளைக் காலை உன் அண்ணி சந்தைக்குப் போனதும் நானே இறங்கப் போகிறேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, வளையாத காலை முதலில் வைத்து, அந்த அரைமாடியை. லிஃப்டில் ஏறிக் கீழே போனால் ப்ளாக் முனையில் தபால் பெட்டி.

அவர்கள் வருவதற்கு முன் நீயே போய் அந்தத் தூணில் கயிறு இல்லாமல் பார்த்துக்கொண்டால், மரம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கட்டும், ஃபோட்டோ கோணலாகவே இருக்கட்டும்.

அரைப்பக்கக் கடிதத்தைக் கடைசியாக ஒருமுறை படித்தேன். "இப்படிக்கு" என்று எழுதியிருந்தேன். அதன் கீழே எழுத ஒரு பெயர் எனக்கு இருக்கிறது. அதைச் சம்பாதிக்க நிறையப் படித்தவன் நான். பேனாவை எடுத்து "இப்படிக்கு" என்பதையும் அடித்துவிட்டேன். உறையை ஒட்டியாகிவிட்டது. கையெழுத்தில்லாமலே போட்டுவிடப் போகிறேன்.